ஓடைக்கு ஒரு சாட்சி

செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவதில் முதல் சிரமம், அவனுக்கு முடி கொட்டாது. சபரீஷுக்கு நாற்பது தாண்டியதும் முன்நெற்றி மெல்ல மெல்லப் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. லோகுவுக்கு இருபத்தொன்பது வயது. போன வருடமும் இருபத்தொன்பது, அடுத்த வருடமும் இருபத்தொன்பதுதான். சுருள் சுருளாக அடர்ந்த முடி. காற்றடித்தால் நெற்றியில் விழும். அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் சிரிப்பு சபரீஷின் வீட்டுப் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே, அவன் மனைவி பிரதீபாவின் கைபேசியில் ஓடும்.

லோகு என்கிற லோகேஸ்வரன் பிரதீபாவின் முதல் கணவன். கல்யாணமான மறு வருடமே அவிநாசி சாலையில் ஒரு விபத்தில் போய்விட்டான். பாவம்தான். சபரீஷும் பாவம் என்றுதான் சொல்வான், யாராவது கேட்டால்.

கொடுமை என்னவென்றால், அந்த முடியைச் சுருள் சுருளாகத் திரையில் காட்டுகிற நிரலை எழுதியவனே சபரீஷ்தான். முதலில் எழுதியபோது லோகுவின் தலை ஒரு கறுப்புத் தொப்பி மாதிரிதான் தெரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். சோறு தண்ணி இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து முடி முடியாகப் பிரித்துக் காட்டினான். அப்போது அவன் பிரதீபாவைக் காதலிக்கத் தொடங்கியிருந்தான். காதலில் மனிதன் என்னென்னவோ செய்கிறான். தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்வதும் அதில் சேர்த்தி.

நடந்தது இதுதான். சபரீஷும் சில நண்பர்களும் சேர்ந்து ‘ஓடை’ என்று ஒரு செயலி எழுதியிருந்தார்கள். எந்தப் படத்தையும் பாட்டையும் ஓட்டிக் காட்டும். திறந்த மூலச் செயலி. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, முக்கியமாக வேவு கிடையாது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஓடை ஒருபோதும் குறித்து வைக்காது. எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்றுகூட எழுதியவர்களுக்குத் தெரியாது. இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். கொஞ்சம் மண்டைக்கனத்தோடும் வைத்திருந்தார்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஓடையின் கோரிக்கைப் பக்கத்தில் ஒரு பெண் எழுதினாள். பெயர் பிரதீபா லோகேஸ்வரன். ‘சிட்டு என்று ஒரு மலிவு போன் வந்ததே, அதில் எடுத்த என் கணவரின் வீடியோக்கள் எதிலும் ஓடவில்லை. அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது. அவரும் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?’

சிட்டு போன்காரர்கள் சிக்கனம் பார்க்கிறோம் பேர்வழி என்று தங்களுக்கென்று தனியாக ஒரு முறையில் வீடியோவைச் சுருக்கி வைத்திருந்தார்கள். கம்பெனி மூடியதும் அதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இல்லாமல் போனார்கள். சபரீஷ் பிரித்தான். மாதிரிக்கு அவள் அனுப்பிய வீடியோவில், நிறுத்தியிருந்த பைக் இருக்கையை விட்டு இறங்கச் சொல்லி லோகு ஒரு பூனையிடம் மரியாதையாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தான். ஆக, பிரதீபாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் புருஷன் முகத்தைச் சபரீஷ் பார்த்துவிட்டான். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. “டேய் லோகு, அது உன்னை மதிக்கவே மாட்டேங்குது டா.” அந்தக் குரலில்தான் அவன் விழுந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது ‘ஏங்க’. சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா. ஒரு தடவை வெட்கத்தை விட்டு, “என்னையும் டா போட்டுக் கூப்பிடேன்” என்று கேட்டான். அவளும் பாவம் முயன்றாள். ஆட்டோக்காரரைக் கூப்பிடுவது போல் இருந்தது. இருவரும் சிரித்து, பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

பூனை வீடியோவைக்கூடப் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது வால்பாறைப் பேருந்து வீடியோ. அதில் லோகு ஜன்னலோரம் தூங்குகிறான். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காது. பஸ் திரும்புகிறது, வெயில் முகத்தில் விழுகிறது, நகர்கிறது, அவன் தூங்குகிறான். தூங்குகிறவனை ஒரு பெண் இவ்வளவு நேரம் கை வலிக்கப் படமெடுத்திருக்கிறாள். சபரீஷ் தூங்கும்போது அவள் எழுந்து போய் வாசல் தெளிப்பாள்.

அவர்கள் கல்யாணமான ஒன்பதாவது வருடம் அங்காடி மறுபடியும் விதியை மாற்றியது.

செயலிகளெல்லாம் கிடைக்கிற அங்காடியைத்தான் சொல்கிறேன். அது ஒப்புதல் தராத எதையும் போன் ஓட்டாது, கணினியும் ஓட்டாது என்று ஆகிச் சில காலமாயிற்று. ஓடையின் நிரல் என்னவோ திறந்துதான் கிடந்தது. சமையல் குறிப்பு ஊருக்கே தெரியும், அடுப்புதான் பூட்டிக் கிடந்தது. சாவி அங்காடியிடம்.

“அண்ணே, புது விதியப் பாத்தியளா?” மேலப்பாளையத்திலிருந்து அன்சாரி கூப்பிட்டான். ஓடையில் சபரீஷுக்கு அடுத்த பொறுப்பு அவனுக்கு.

“மேலோட்டமாப் பார்த்தேன். முத்திரை விவகாரம்தானே?”

“அதேதான். பொய் வீடியோ பெருத்துப் போச்சுன்னு இப்ப வாற கேமரா எல்லாத்துலயும் எடுக்கும்போதே முத்திரை விழுதுல்லா? முத்திரை இல்லாத வீடியோவ இனி எந்தச் செயலியும் ஓட்டக்கூடாதாம். நம்மள மாதிரி காசு வாங்காதவங்களுக்கு இதுவரைக்கும் விலக்கு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாவ.”

“அப்போ பழைய வீடியோ எல்லாமே போச்சா?”

“பெரிய கம்பெனி போன்ல எடுத்ததுக்கு அந்தந்தக் கம்பெனியே பின்தேதி போட்டு முத்திரை குத்திக் குடுக்கு. சிட்டுக்குத்தான் ஆளே இல்லையே. வேற வடிவத்துக்கு மாத்துனாலும், குரல மட்டும் பிரிச்சாலும், ஓடும்போது இன்னொரு போன்ல எடுத்தாலும் முத்திரை விழாது, அது இல்லாம ஓடாது. ஆனா ஒரு வழி இருக்குண்ணே. அந்த வசதி தேவைப்படுத ஒரு ஆளு, உசுரோட இருக்க ஒரே ஒரு ஆளு, செயலிய எழுதுனவருக்குத் தெரிஞ்சவரா இருந்து, அவர் சாட்சி சொன்னாப் போதும். எல்லாருக்கும் சேத்து விட்டுருவாவ.”

“நாமதான் யாரையும் குறிச்சு வெக்கறதில்லையே. ஆளுக்கு எங்கே போறது? ஊருக்கு அறிவிச்சுக் கேட்டுப் பார்க்கலாமா?”

“அறிவிச்சு ஆள் பிடிச்சா செல்லாதாம். போன தடவ கம்பெனிக்காரனுவ கூலிக்குச் சாட்சி கூட்டியாந்தானுவல்லா, அதுக்குத்தான். நமக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? நம்ம பிரதீபா மைனி ஒருத்தவ போதாதா?”

சபரீஷ் பால்கனிக் கதவை மெல்லச் சாத்தினான். “அவ இப்பல்லாம் அதைப் பார்க்கறதில்லை அன்சாரி.”

பால்கனியில் பூனைப் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. அன்சாரிக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே பிரதீபா அவளாகவே கேட்டாள். “ஏங்க, நம்ம ஓடைக்கு ஏதோ சிக்கலாமே? நியூஸ்ல முத்திரை முத்திரைன்னு சொல்லிட்டிருந்தாங்க.”

“ஆமா. பழைய வீடியோ சிலது இனிமே ஓடாது போலிருக்குது.”

கரண்டி நின்றது. “சிட்டுல எடுத்ததுங்களா?”

“அதுவுந்தான்.”

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “வேற வழியே இல்லைங்களா?”

“பேசிப் பார்க்கறேன். நாளைக்கு விசாரணை இருக்குது.”

“உங்களால ஆனதைப் பாருங்க,” என்றாள். “அவன் குரல் வேற எதுலயும் இல்லைங்க எங்கிட்ட. போட்டோ இருக்குது, குரல் இல்லை.”

அவன். சபரீஷின் காதில் மற்ற எதுவும் விழவில்லை. அந்த ஒரு சொல்தான் விழுந்தது. இத்தனை வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், என் குரலை என்றைக்காவது பதிவு செய்து வைத்திருக்கிறாளா என்று யோசித்தான். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் குரலை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவு சொல்லத்தான் செய்தது. பொறாமைக்கு அறிவின் பேச்சு என்றைக்குக் கேட்டிருக்கிறது? இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான்.

விசாரணை மறுநாள் மதியம் நடந்தது. பரிசீலகர் என்று பெயர்தான் பெரிதே தவிர, அது ஒரு குரல். செய்தி வாசிப்பவர்போல் சுத்தமான தமிழ் பேசும் இயந்திரப் பெண்குரல். கோபப்படாது, அவசரப்படாது, டீ குடிக்கப் போகாது. சபரீஷ் தன் வேலை அறையின் கதவைச் சாத்திக்கொண்டான். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

“வணக்கம் திரு. சபரீஷ். ஓடை செயலியில் சிட்டு வடிவத்தைப் பிரிக்கும் பகுதிக்கு விலக்குக் கோருகிறீர்களா?”

“விலக்கு கிடைக்குமான்னு தெரிஞ்சுக்கணும்.”

“இந்த வசதி தேவைப்படும் ஒருவரை உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் கிடைக்கும். அப்படி யாரையாவது தெரியுமா?”

“நாங்க பயனர்களைக் கண்காணிக்கறதில்லை. யார் பார்க்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது.”

“அது பாராட்டுக்குரியது. ஆனால் உங்கள் கோரிக்கைப் பக்கத்தில், இந்த வசதியை முதன்முதலில் கேட்டவர் என்று ஒரு பெயர் இருக்கிறது. பிரதீபா லோகேஸ்வரன். இவரைத் தெரியுமா?”

இயந்திரம் அந்தப் பெயரை அட்சர சுத்தமாகச் சொன்னது. சபரீஷுக்குக் காது சுட்டது. அவர்கள் கல்யாணம் பதிவாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அவள் இன்னும் பிரதீபா லோகேஸ்வரனாகவே இருந்துகொண்டிருக்கிறாள்.

“பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிவிப்பது என் கடமை,” என்றது குரல். “உங்கள் குடும்பப் பதிவுகளைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. ஆகவே உங்கள் சொல்லைத்தான் நம்புகிறேன். அந்தச் சொல் பொய் என்று தெரிந்தால் ஓடை அங்காடியிலிருந்து நீக்கப்படும். நீங்கள் எழுதும் எதுவும் இனி ஏற்கப்படாது. இவரைத் தெரியுமா?”

தெரியும் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. கதவைத் திறந்து, “பிரதீ, இங்கே வா” என்றால் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றிருப்பாள். லோகு இருபத்தொன்பது வயதோடு இன்னும் முப்பது வருடம் பால்கனியில் சிரித்துக்கொண்டிருப்பான், சபரீஷுக்குப் பல் கொட்டின பிறகும்.

“தெரியாது,” என்றான்.

“அவரோடு எந்தத் தொடர்பும் இல்லையா?”

“இல்லை.”

“நன்றி. விதிப்படி நாங்களும் அவரைத் தேடிப் பார்ப்போம். கிடைத்தால் அவரிடமும் கேட்போம்.”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. அன்று முதல் பிரதீபாவின் போன் அடித்தாலே அவன் வேலையை விட்டு எழுந்து வந்தான். பால்காரர் கூப்பிட்டாலும் எட்டிப் பார்த்தான், கேஸ் கம்பெனி கூப்பிட்டாலும் காதைத் தீட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் எப்போதும் போல் இருந்தாள். ரசத்தில் உப்புக்கூடக் குறையவில்லை. ஒரு வழியாக அங்காடியிடமிருந்து ஒப்புதல் வந்தது. சிட்டுப் பகுதியை நீக்கிவிட்டு ஓடை தொடரலாம். ‘குறிப்பிட்ட நபரிடமிருந்து தேவை உறுதிப்படவில்லை’ என்று ஒரு வரி. தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டான்.

தன் கையாலேயே அந்தப் பகுதியை நீக்கினான். வாரக்கணக்கில் முடி முடியாகப் பிரித்த நிரல் ஒரு விசையைத் தட்டியதும் போயிற்று. ராத்திரியோடு ராத்திரியாக எல்லாருடைய போனிலும் புதிய ஓடை தானாக ஏறிக்கொண்டது. சபரீஷுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவன் சீட்டியடித்துக்கொண்டே குளித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரதீபா துணி காயப்போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை எடுக்கவே இல்லை. எதிர் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தனக்குத் தானே லேசாகச் சிரித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த சபரீஷுக்குப் பகீரென்றது. எதற்குச் சிரிக்கிறாள்? பூனையா, பஸ்ஸா, அல்லது வீடியோவிலேயே வராத வேறு ஏதாவதா? முன்பாவது என்ன ஓடுகிறது என்று திரையில் எட்டிப் பார்க்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

திங்கட்கிழமை அன்சாரி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“கோரிக்கைப் பக்கத்தப் பாத்தியளாண்ணே?”

“இல்லை. ஏன்?”

“போய்ப் பாருங்க. யாருமே இல்ல, ஒரு ஆளு கிடையாதுன்னு சொன்னமே. எம்புட்டுப் பேரு தெரியுமா? திண்டுக்கல்லுல ஒரு அம்மா, மவன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஆடுன வீடியோ மட்டுந்தான் இருக்காம், பையன் இல்ல. ராமநாதபுரத்துல ஒருத்தரு, அவரு வாப்பா பாங்கு சொன்னத அதுலதான் எடுத்து வச்சிருந்தாராம். எல்லாரும் ஏழைபாழைண்ணே. சிட்டு போனு வாங்குனவங்க வேற யாரா இருப்பாவ? யாருமே நம்மளத் திட்டல. ஏதோ தப்பு நடந்துட்டு, திரும்பக் குடுங்கன்னு கெஞ்சுதாவ. திட்டுனாக்கூடத் தேவல.”

“மறுபடி மனு போடலாமா?”

“ஒரு தடவ தேவையில்லன்னு முடிவானா, அந்த வடிவத்துக்கு மறுபரிசீலன கிடையாதாம். படிச்சுட்டுத்தான் சொல்லுதேன்.” பிறகு அவனே கேட்டான். “மைனிகிட்ட என்னண்ணே சொன்னிய?”

சபரீஷ் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் அவனை அரித்தது. அவள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. சொல்லாத பொய் வாயிலேயே கிடந்து புளித்தது. அன்று சாயங்காலம் அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவனே பால்கனிக்குப் போனான்.

“பிரதீ, ஓடையில அந்தச் சிட்டு வீடியோ ஓடாது இனிமே. எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். ஒத்துக்கலை.”

“தெரியுங்க,” என்றாள் அவள், ஒரு துண்டை உதறி மடித்துக்கொண்டே. “எனக்கும் போன் வந்துது.”

சபரீஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “எப்போ?”

“உங்ககிட்டப் பேசின மறுநாளு. நீங்க மார்க்கெட் போயிருந்தீங்க. பத்து வருசத்துக்கு முன்னாடி இப்படி ஒரு கோரிக்கை வெச்சது நீங்கதானான்னு கேட்டுது. ஆமான்னேன். செயலி எழுதினவர் உங்களைத் தெரியவே தெரியாதுங்கறார், அது சரிதானான்னு கேட்டுது.”

அவள் குரலில் கோபம் இல்லை. அடுத்த துணியை எடுத்தாள். அது அவனுடைய சட்டை.

“எதுக்குக் கேக்கறீங்கன்னேன். அது விளக்கம் சொல்லுச்சு. அவர் தெரிஞ்சுகிட்டே தெரியாதுன்னு சொல்லியிருந்தா ஓடையை எடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் அவர் எழுதற எதையும் சேர்க்க மாட்டாங்களாம். நான் உண்மையைச் சொன்னா நீங்க போச்சு. நீங்க சொன்னதுக்கு ஒத்து ஊதினா லோகு போச்சு. ரெண்டுல ஒண்ணு.”

“பிரதீ, நான் வந்து...”

“இருங்க, சொல்லிடறேன். ஓடை இல்லைன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க? அதைத்தான் நெனச்சேன். சரிதாங்க, அவருக்கும் எனக்கும் பழக்கமே இல்லைன்னேன். அந்த வீடியோ இப்ப வேணுமான்னு கேட்டுது. வேண்டாம்னேன்.”

வெட்கத்தில் அவன் தரையைப் பார்த்தான். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு குதூகலம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருடமாக அவன் காத்துக்கிடந்தது இதற்குத்தானே. அவனா நானா என்று வந்தபோது, என்னைத்தான் எடுத்திருக்கிறாள். அதை அப்படியே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். பொறாமைக்காரனுக்குப் பார்த்தால் போதாது. காதால் கேட்க வேண்டும்.

“அப்போ,” என்றான் தயங்கித் தயங்கி, “அவனைவிட நான்தான் பெருசுன்னு பட்டுதா உனக்கு?”

பிரதீபா சட்டையின் கையை மடித்து, காலரை நீவி, மற்றத் துணிகளின் மேல் வைத்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்படி நெனச்சுத்தாங்க சொல்ல ஆரம்பிச்சேன். எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா குரல் நடுங்கிடும், மாட்டிக்குவோமேன்னு ஒரே பயம். ஆனா பாருங்க, உங்களை எனக்குத் தெரியாதுன்னு சொன்னப்ப, குரல் நடுங்கவே இல்லை.”